பிள்ளையார் பாட்டுப் போடாமல் சுழன்ற தட்டு

மாவடிப்பேட்டையில் தங்கப்பழம் கடையில் டீ ஆற்றும்போது இன்றைக்கும் உறைந்துபோன ஏரி ஒன்று பிளக்கிற சத்தம் கேட்கும். கேட்டவருக்கு முதுகுத்தண்டில் குளிர் ஏறும். குளிர் ஏறியவர் இன்னொரு டீ சொல்வார். வெளியூர்க்காரர்கள்தான் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் சீனியைக் கொஞ்சம் தூக்கலாகப் போடச் சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டுவார்கள். இதற்கெல்லாம் காரணம் காந்திமதிநாதனின் தலைக்கனம் என்று ஊரில் சொல்வார்கள். அவரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார், கூட இரண்டு கெட்ட வார்த்தை சேர்த்து.

காந்திமதிநாதன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். ஊரில் யார் யாரிடம் பேச வேண்டுமென்றாலும் முதலில் அவர் காதில் வந்து ஹலோ சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று இருந்த காலம் ஒன்று உண்டு. பிறகு ஆள் இல்லாமல் தானே இணைப்புக் கொடுக்கிற எந்திரம் வந்தது, அவரை மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பினது ஆளைத்தான், காது ஓய்வு பெறவில்லை. அது எதையாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று அரித்தது. ஆகவே துபாயிலிருந்து திரும்பிய ஒருவரிடம் டேப் ரிக்கார்டர் ஒன்றை வாங்கி, டிரான்ஸ்ஃபார்மர் முனகுவதையும், காற்றில் கரண்டுக் கம்பி நடுங்குவதையும், தண்ணீர் வராத குழாய் விடியற்காலையில் ஏப்பம் விடுவதையும் பிடித்து, பிளேடால் வெட்டி, பசையால் ஒட்டி, வேகமாக ஓட்டி, மெதுவாக ஓட்டி, தலைகீழாகவும் ஓட்டி, அதற்குச் சோதனை இசை என்று பேரும் வைத்தார்.

"சோதனைதான்," என்றாள் அவர் மனைவி ஆவுடையம்மாள். "அதுல என்ன சந்தேகம்."

தன்னைப் பற்றி அவருக்கும் பெரிய மயக்கம் கிடையாது. "பாடத் தெரிஞ்சவன் பாடுவான், வாசிக்கத் தெரிஞ்சவன் வாசிப்பான், ரெண்டும் தெரியாதவன் கரண்டுக் கம்பத்துல காதை வைப்பான்," என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனாலும் சிரித்து முடித்த கையோடு ஒரு கேசட்டை உறையில் போட்டு, ரேடியோவில் கேட்ட ஏதாவது ஒரு தேசத்து முகவரிக்கு அனுப்பிவிடுவார். பெண்ணைப் பெற்றவன் ஜாதகம் அனுப்புகிற மாதிரி வருஷக்கணக்காக அனுப்பினார். ஜாதகத்துக்காவது பொருந்தவில்லை என்று பதில் வரும்.

அப்படி இருக்கையில், வடக்கே பாதி வருஷம் வெயிலே பார்க்காத தேசத்திலிருந்து சதுரமாக ஒரு பார்சல் வந்தது. உள்ளே கறுப்பாக, பெரிய தோசைக்கல் அளவில் ஓர் இசைத்தட்டு. ஹில்டா என்கிற அம்மாள் உலகம் முழுக்கத் தேடி, பதினோரு பேருடைய சத்தங்களைப் பொறுக்கி ஒரே தட்டில் தொகுத்திருந்தாள். அட்டையின் பின்பக்கத்தைப் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் வாத்தியார் படித்துச் சொன்னார். ஒருவன் உறைந்த ஏரி பிளப்பதைப் பிடித்திருந்தான். ஒருத்தி பியானோவுக்குள் ஆணிகளைக் கொட்டியிருந்தாள். பனிமூட்டத்தில் கப்பல் ஊதுவது ஒன்று, யாருமில்லாத வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடுவது ஒன்று, கரகரக்கிற ரேடியோவுக்குள்ளிருந்து ஒருத்தி வானிலை அறிக்கை வாசிப்பது ஒன்று. ஒருவன் மேடைப் பேச்சைத் தலைகீழாக ஓட்டியிருந்தான். இன்னொருவன் எதையுமே பிடிக்காமல் வெறும் நிசப்தத்தை அனுப்பியிருந்தான், அதையும் ஒரு பாட்டாகச் சேர்த்திருந்தார்கள். கடைசியாக, பதினோராவதாக, காந்திமதிநாதன், மாவடிப்பேட்டை. தலைப்பு: மதியம். அதற்குக் கீழே ஹில்டா ஒரு வரி எழுதியிருந்தாள்: இந்தத் தட்டிலேயே உயிருள்ள சத்தம் இதுதான்.

"நம்ம எக்ஸ்சேஞ்சோட இரைச்சல்வே அது," என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னார் காந்திமதிநாதன். "ஒரு நாள் மத்தியானம் போய் உக்காந்து பூராவும் பிடிச்சேன். உயிர் இருக்குன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு பாரும்!"

தட்டு வந்துவிட்டது, சரி. போட்டுக் கேட்க அவரிடம் பிளேயர் கிடையாது. ஊரிலேயே அது ஒருவரிடம்தான் இருந்தது: மைக்செட் பீர்மைதீன். அவரிடம் போனால் பிளேயர் தனியாக வராது. ஆம்ப்ளிஃபயரோடும் நாலு குழாய் ஸ்பீக்கரோடும்தான் வரும். வந்தால் ஊர் முழுக்கக் கேட்கும். கேட்கட்டுமே என்று காந்திமதிநாதனுக்குத் தோன்றியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சந்தைப் பொட்டலில் ஸ்பீக்கர் கட்டியாயிற்று. வேப்பமரத்தில் ஒன்று, தண்ணீர் டேங்கில் ஒன்று, பஸ் நிறுத்தத்தில் ஒன்று, மாவு மில் கூரையில் ஒன்று.

பீர்மைதீன் வழக்கம்போல் முதலில் பிள்ளையார் பாட்டு கேசட்டை எடுத்தார்.

"அது வேண்டாம்," என்றார் காந்திமதிநாதன்.

பீர்மைதீன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணாச்சி, கோயில் கொடையோ கட்சிக் கூட்டமோ, பூப்புனித நீராட்டோ, இந்தப் பாட்டைப் போடாம நான் இந்த ஆம்ப்ளிஃபயரை முறுக்கினதே கிடையாது. என் வாப்பாவும் கிடையாது. வாற சத்தத்துக்கு வழி காட்டி, முடிஞ்சதும் அதை வந்த வழியாவே அனுப்பி வைக்க ஒரு ஆளு வேணும்லா?"

"இது சோதனை இசைவே. இதுக்கு ஆரம்பமும் கிடையாது, முடிவும் கிடையாது. பிள்ளையார் எங்ஙன போய் உக்காருவாரு? அட்டையிலயே போட்டிருக்கா, இடையில ஒண்ணையும் சேக்கக் கூடாதுன்னு."

"முன்னால போடுதது எப்படி அண்ணாச்சி இடையில ஆகும்?"

"உமக்குச் சொன்னாப் புரியாது."

இந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் பிற்பாடு, தனக்குத் தானே கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போதெல்லாம், அப்படியே சொல்லிக் காட்டுவார். பீர்மைதீன் கேசட்டைக் கண்ணில் ஒற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, முள்ளைத் தூக்கித் தட்டில் வைத்தார்.

ஏரி பிளந்தது. ஆணிகள் கொட்டின. கப்பல் ஊதியபோது சந்தையில் கட்டியிருந்த மாடுகள் எல்லாம் ஒருசேரக் கிழக்கே பார்த்தன, கடல் அங்கேதான் இருக்கிறது என்று யார் அவற்றுக்குச் சொன்னார்களோ. நிசப்தம் வந்தபோது ஸ்பீக்கர் பழுது என்று நினைத்து வேப்பமரத்தில் ஒருவன் ஏறிவிட்டான். கூட்டம் பொறுமையாகத்தான் இருந்தது. நம்ம ஊர்க்காரருடையது வரட்டும் என்று கடலையைக் கொறித்துக்கொண்டு காத்திருந்தது. பத்தாவது முடிந்தது. காந்திமதிநாதன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, எழுந்து நிற்கலாமா உட்கார்ந்தபடியே இருக்கலாமா என்று யோசித்து, பாதி எழுந்தார். அந்தப் பாதியில் கரண்டு போயிற்று.

போனது போனதுதான். கூட்டம் கலைந்து, பால் காய்ந்து, பிள்ளைகள் தூங்கி, ஊர் அடங்கும்வரை வரவில்லை. "வாழ்நாள் பூரா அந்தக் கம்பியிலதான் காதை வச்சிருந்தேன்," என்றார் அவர், ஆவுடையம்மாள் சோறு போடும்போது. "ஒரு பத்து நிமிசம் பொறுத்திருக்கக் கூடாதா அது?"

"அதுக்கும் காது இருக்கும்லா," என்றாள் அவள்.

காலையில் ஊர் எழுந்தபோது சத்தங்கள் குடியேறியிருந்தன.

அவை வந்த வழியாகத் திரும்பிப் போகவில்லை. போகச் சொல்ல ஆள் நிறுத்தவில்லையே. ஆளுக்கொரு இடமாகப் பார்த்து ஒட்டிக்கொண்டுவிட்டன. தங்கப்பழம் முதல் டீயை உயரத் தூக்கி ஆற்றினார், ஏரி பிளந்தது. உலகம்மையின் வெள்ளாடு வாயைத் திறந்தது, கப்பல் ஊதியது. முடிதிருத்தும் கடையில் கத்தரிக்கோல் ஒவ்வொரு தரம் வாய் மூடும்போதும் பியானோவுக்குள் ஆணி விழுந்தது. கீழத்தெருவில் ஒரு மாமியார் கோபம் வந்தால் நாள் கணக்கில் பேசாமல் இருப்பவர். அவருடைய மௌனத்தின் மேல் அந்த ஆளில்லாத வீட்டு ஃபிரிட்ஜ் வந்து உட்கார்ந்துகொண்டது, அவர் வாயை மூடிய மாத்திரத்தில் வீட்டுக்குள் ஒரு ரீங்காரம் கிளம்பும், மருமகள் அதைக் கேட்டதும் அடுப்பைக் குறைத்துவிட்டு ஓடிவந்து, என்ன தப்பு என்று கேட்டுவிடுவாள். வார்டு கவுன்சிலரின் பேச்சு தலைகீழாக வந்தது. அதை இரண்டு மூன்று கூட்டம் நடக்கிறவரை யாரும் கவனிக்கவில்லை, கவனித்த பிறகும் பொருள் குறைந்ததாகத் தெரியவில்லை.

மாவடிப்பேட்டைக்காரர்கள் இதற்கு முன்னும் பல விருந்தாளிகளைப் பார்த்தவர்கள். முதல் நாள் வாயைப் பிளந்தார்கள், மறுநாள் இடம் ஒதுக்கினார்கள், அதற்கும் மறுநாள் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஆடு ஊதியதும் பள்ளிக்கூடம் விடுவதென்று வழக்கமாயிற்று, ஆடும் அந்தப் பொறுப்பை உணர்ந்து மரியாதையாக நடக்கத் தொடங்கியது. இளவட்டங்கள் ஆணிச் சத்தத்துக்காகவே வாரம் ஒருமுறை முடிவெட்டி, ஊரில் தலைக்குத் தலை மொட்டையாகத் திரிந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் நகை நட்டு விசாரித்துவிட்டு, "வீட்டுல சத்தம் ஏதும் உண்டா?" என்று தணிந்த குரலில் கேட்டார்கள். உண்டு என்றால் அது எது என்று கேட்டார்கள். ஃபிரிட்ஜ் என்றால் கொஞ்சம் யோசித்தார்கள்.

காந்திமதிநாதன் வீட்டில் ரேடியோக்காரி வந்து தங்கியது கடுகில். தாளிக்கிறபோது கடுகு வெடிக்கும், அந்தக் கரகரப்புக்கு நடுவே அவள் புரியாத பாஷையில் வானிலை அறிக்கை வாசிப்பாள். முதல் இரண்டு நாள் ஆவுடையம்மாள் கரண்டியும் கையுமாகத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். மூன்றாம் நாள், "இன்னிக்கு அவ குரல் சரியில்ல. மழை வரும்ங்கா," என்று சொல்லிக் கொடியில் கிடந்த துணிகளை எடுத்துவந்தாள். மழை வந்தது. பக்கத்து வீட்டுக்காரிகள் நெல் காயப்போடுவதற்கு முன்னால், "அக்கா, சாம்பாருக்குத் தாளிச்சாச்சா, என்ன சொல்லுதா?" என்று சுவருக்கு மேலாகக் கேட்கப் பழகிக்கொண்டார்கள்.

ஊரில் இரண்டே இரண்டு பேருக்குத்தான் மனசு ஆறவில்லை. ஒருவர் மாவு மில் அணைஞ்சபெருமாள். நிசப்தம் வந்து விழுந்தது அவர் மில்லில். எந்திரம் ஓடும், பெல்ட் சுழலும், மாவு விழும், ஆனால் ஓர் இம்மி சத்தம் வராது. சத்தமில்லாமல் அரைத்த மாவில் ருசியில்லை என்று பெண்கள் அரிசியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் பஸ் ஏறினார்கள். எந்திரம் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் அவர் வெள்ளை மாவு படிந்த முகத்தோடு பிசாசு மாதிரி அதன் முன்னால் நின்றுகொண்டே இருந்தார்.

இன்னொருவர் காந்திமதிநாதன். பத்துப் பேர் எங்கெங்கிருந்தோ வந்து அவர் ஊரில் வீடு பிடித்துவிட்டார்கள். அவருடையது மட்டும் தட்டுக்குள்ளேயே கிடந்தது. ஆட்டைத் தாண்டிப் போகும்போது அவருக்கு வயிறு எரிந்தது. "ஒரு ஆட்டுக்கு அடிச்ச யோகத்தைப் பாரு," என்றார் மனைவியிடம். "உலக இசைத்தட்டுல ஒரு பாட்டு அதுக்கு. எனக்கு?"

"உங்களுக்கு முன்னால அதுதான் ஊருக்கு உபயோகமாச்சு," என்றாள் ஆவுடையம்மாள். "உங்க சத்தம் எது மேலயும் போய் உக்காராம இருந்தாச் சரி. என் அம்மியில வந்து உக்காந்துச்சு, சொல்லிட்டேன், தூக்கிக் கெணத்துல போட்டிருவேன்."

அணைஞ்சபெருமாள்தான் ஊர்க்கூட்டம் கூட்டினார். பிள்ளையார் பாட்டைப் போட்டு எல்லாவற்றையும் வந்த இடத்துக்கே அனுப்ப வேண்டும் என்று கேட்டார். தங்கப்பழம் குதித்தார்.

"உமக்கு ஒரு மில்லுல சத்தம் வரலன்னா ஊரே சத்தத்தை இழக்கணுமாக்கும்? என் கடைக்கு இப்பத்தான் கூட்டம் வருது."

"என் மில்லு முன்னால வந்து நின்னு பாரும்வே. உம்ம இதயம் அடிக்கிறது உமக்குக் கேக்கும். அப்பம் தெரியும் கஷ்டம்."

இருவருக்கும் நடுவில் காந்திமதிநாதன் எழுந்தார். இந்தத் தரம் முழுசாகவே எழுந்தார்.

"கதவைச் சாத்துததுன்னா சாத்துங்க, நான் வேண்டாங்கல. திறந்து விட்டவன் நான்தான், உதைக்கணும்னாலும் வாங்கிக்கிடுதேன். ஆனா ஒண்ணு. பத்துப் பேரு உள்ள வந்து உக்காந்து சாப்பிட்டாச்சு. ஊர்க்காரன் ஒருத்தன்தான் இன்னும் வாசல்ல நிக்கான். அவனையும் ஒரு தரம் உள்ள கூப்பிட்டுட்டுச் சாத்துங்க. அந்தப் பதினோராவதை மட்டும் ஒரே ஒரு தரம் போட்டிருவோம். எனக்கே அது எப்படி இருக்கும்னு இன்னும் தெரியாது."

அவர் குரல் அப்போது கொஞ்சம் உடைந்தது. உடைந்ததை மறைக்க இருமினார். இருமினதை எல்லாரும் நம்பினமாதிரி தலையை ஆட்டினார்கள். பெரிய விவாதமெல்லாம் நடந்தது. அது எதில் போய் ஒட்டும், யார் தொண்டையில் ஏறும் என்று பயந்தார்கள். கடைசியில், பதினோராவது முடிந்த அதே மூச்சில், அது எங்கேயும் உட்கார நேரம் கொடுக்காமல் பிள்ளையார் பாட்டைப் போட்டுவிட வேண்டும் என்று முடிவாயிற்று. பீர்மைதீன் தலையில் கையை வைத்துச் சம்மதித்தார்.

சந்தை நாள், பட்டப்பகல். அன்றைக்குக் காலையிலிருந்தே ஊரில் ஒரு கள்ளத்தனம் தெரிந்தது. தங்கப்பழம் டீ ஆற்றுகிற இரண்டு குவளைகளையும் சாக்கில் சுற்றி, அரிசி மூட்டைக்கு அடியில் புதைத்துவிட்டு, தலைவலி என்று கடையைச் சாத்தினார். முடிதிருத்துகிறவர் கத்தரிக்கோலைத் தகரப்பெட்டியில் வைத்து, பெட்டியைக் கம்பளியில் வைத்து, அதன் மேல் தானே ஏறி உட்கார்ந்துகொண்டார். உலகம்மை ஆட்டைப் பஸ்ஸில் ஏற்றித் தங்கை ஊருக்குப் போய்விட்டாள். கண்டக்டர் அதற்கு டிக்கெட் கேட்டதாகவும், ஆடு ஒருமுறை ஊதியதும் கேட்கவில்லை என்றும் சொல்கிறார்கள். கவுன்சிலருக்கு மட்டும் யாரும் சேதி சொல்லவில்லை.

பீர்மைதீன் முள்ளைக் கடைசிக் கோட்டில் வைத்தார். காந்திமதிநாதன் கண்ணை மூடிக்கொண்டார். எக்ஸ்சேஞ்சின் அந்த ரீங்காரம், ஊரின் பேச்செல்லாம் ஓடிக் களைத்த கம்பிகளின் மூச்சு, இதோ வரப்போகிறது என்று காதைத் தீட்டினார்.

வந்தது.

கொர்ர்ர்ர். உள்ளே இழுக்கும்போது மரம் அறுக்கிற மாதிரியும், வெளியே விடும்போது கடைசியில் ஒரு சின்ன விசிலோடும். கொர்ர்ர்ர், ஃபுய்ய். நாலு குழாய் ஸ்பீக்கரிலும், ஊரின் நாலு திக்கிலும்.

"மில்லு ஓடுதா?" என்றார் அணைஞ்சபெருமாள் ஆசையோடு.

"மில்லு இல்ல மாமா," என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல். "ஆள் தூங்குதாரு."

காந்திமதிநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. கேசட்டின் ஒரு பக்கத்தில் எக்ஸ்சேஞ்சைப் பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, கேசட்டைத் திருப்பிப் போட்டு, நிறுத்துகிற பொத்தான் என்று நினைத்து வேறு எதையோ அமுக்கிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்தவர் அவர். முழுசாகக் கேட்ட ஹில்டா, எக்ஸ்சேஞ்ச் பக்கத்தைச் சீந்தவே இல்லை. உலகத்தில் அவருடைய ஒரே படைப்பு அவர் தூங்கும்போது செய்தது. முழித்திருந்து பாடுபட்டதெல்லாம் மறுபக்கத்திலேயே கிடக்கிறது.

ஊர் சிரிக்கத் தொடங்கியது. அவரும் சிரித்துவிடலாம் என்று வாயைத் திறந்தார். அப்போது ஸ்பீக்கரில் ஒரு செம்பைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. வளையல் சத்தம். பிறகு ஆவுடையம்மாளின் குரல், வேப்பமரத்திலிருந்தும் தண்ணீர் டேங்கிலிருந்தும், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற தணிவோடு.

"தூங்கிட்டீங்களா? தூங்குங்க. சும்மாதான் வந்தேன்."

கொர்ர்ர்ர், ஃபுய்ய்.

"சொசைட்டியில இன்னிக்கும் சீனி போடல. தங்கச்சி மவ மாசமா இருக்காளாம், காலையிலயே சொல்லணும்னு ஓடி வந்தேன். நீங்க கம்பத்துல காதை வச்சிட்டு நின்னீங்க, கையைக் காட்டி சும்மா இருன்னீங்க. சரின்னு வந்துட்டேன். இப்பச் சொல்லியாச்சு."

கொர்ர்ர்ர்.

"தூங்கும்போதுதான் நீங்க குறுக்கப் பேசுததில்ல. எனக்கும் வசதியாத்தான் இருக்கு. இத்தன வருசமா ஒரு மத்தியானம் விடல பாருங்க, வந்து உக்காந்து எல்லாத்தையும் சொல்லிருதேன். நீங்களும் ம் கொட்டுத மாதிரிதான் இருக்கு."

ஃபுய்ய்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கணும் உங்ககிட்ட. ரொம்ப நாளா கேக்கணும் கேக்கணும்னு. கோவப்படக் கூடாது. அது வந்து..."

டப் என்று பதிவு அதோடு முடிந்தது. முள் வெறும் கோட்டில் சுற்றியது.

சந்தைப் பொட்டலில் ஒருவரும் சிரிக்கவில்லை. தராசைத் தூக்கிப் பிடித்திருந்த காய்கறிக்காரர் அப்படியே நின்றார். அணைஞ்சபெருமாள்தான் முதலில் வாய் திறந்தார், அதுவும் தன் மில்லை மறந்து.

"எம்மா ஆவுடை, என்னம்மா கேக்க வந்தே?"

ஊரே திரும்பி அவளைப் பார்த்தது. கூட்டத்தின் ஓரத்தில் மல்லிக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தவள், முந்தானையை இழுத்து முகத்தில் மூடிக்கொண்டு கத்தினாள்: "பீர் அண்ணே, பாட்டைப் போடுங்க! உங்களுக்குப் புண்ணியமாப் போவும், பாட்டைப் போடுங்க!"

பீர்மைதீன் போட்டார். பிள்ளையார் பாட்டு, இத்தனை நாள் அடக்கி வைத்த ஆவேசமெல்லாம் சேர்ந்து, முழு முறுக்கில் முழங்கியது. மாவு மில் திடுக்கென்று உறுமியது. அணைஞ்சபெருமாள் ஓடிப்போய் அதைக் கட்டிப்பிடித்து அழுததில் முகத்து மாவெல்லாம் களியாயிற்று. கீழத்தெரு மாமியாரின் மௌனம் பழையபடி வெறும் மௌனமாயிற்று. மருமகள் நெஞ்சில் கை வைத்தாள். கவுன்சிலரின் பேச்சு நேராயிற்று, அது முதல் அவருக்குச் செல்வாக்குக் குறைந்தது. ஒளித்து வைத்தவை மட்டும் தப்பின.

பதினோராவது எங்கே போய் ஒட்டியது என்று பிறகு தேடினார்கள். எங்கேயும் ஒட்டவில்லை. அது ஏற்கெனவே ஊரில் குடியிருந்த சத்தம்தானே.

அந்த முழக்கத்துக்கு நடுவில், கூட்டத்தை விலக்கிக்கொண்டு காந்திமதிநாதன் ஆவுடையம்மாளிடம் போய்ச் சேர்ந்தார். "என்ன கேக்க வந்தே?" என்று கத்தினார். அவள் முந்தானையை விலக்கினாள். அவர் காதருகே வந்து என்னமோ சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது. எந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு எண்ணெய் குறைந்திருக்கிறது என்று தெருமுனையிலிருந்தே சொல்கிற அந்தக் காதில், தலைக்கு மேல் இருந்த குழாய் ஸ்பீக்கரின் பிள்ளையார் பாட்டைத் தவிர ஒன்றும் விழவில்லை.

"என்னது?"

அவள் கையை ஆட்டி, ஒன்றுமில்லை, வாங்க வீட்டுக்கு என்று சைகை காட்டிவிட்டு நடந்தாள்.

அதன் பிறகு கேட்டால் சொல்லவில்லை. காலையில் கேட்டார், "இட்லி ஆறுது," என்றாள். சாயங்காலம் கேட்டார்; "அதான் ஊருக்கே போட்டுக் காட்டியாச்சே, இன்னும் என்ன," என்றாள். சொல்லக் கூடாது என்றில்லை, அவர் முழித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து கண்ணை உருட்டிக் கேட்டால் அவளுக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். வானிலைக்காரியும் போய்விட்டாள். கடுகு வெறும் கடுகாக வெடித்தபோது, "சொல்லிட்டுப் போயிருக்கலாம், பாவி மவ," என்று ஆவுடையம்மாள் மூக்கைச் சிந்தினாள். டீக்கடையில் அந்த ஒற்றைக் கேள்வி என்னவாக இருக்கும் என்று ஏரிகள் பிளக்கப் பிளக்க விவாதம் நடந்தது. தங்கக் கொலுசு என்றார் தங்கப்பழம். காசி யாத்திரை என்றார் அணைஞ்சபெருமாள். பீர்மைதீன் மட்டும், "அண்ணாச்சி, தூங்கிப் பாருங்க," என்றார்.

தூங்கினால் காதில் விழாது. முழித்திருந்தால் அவள் பேசமாட்டாள். காந்திமதிநாதன் யோசித்தார். பிறகு யாருக்கும் தெரியாமல் பீர்மைதீன் வீட்டுப் பின்கட்டுக்குப் போய், அந்தப் பதினோராவதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். இந்தத் தரம் பிள்ளையார் பாட்டை முன்னாலேயும் பின்னாலேயும் போட்டார்கள். எங்கே இழுக்கிறோம், எங்கே விடுகிறோம், விசில் எந்த இடத்தில் விழுகிறது என்று படித்தார். எந்தச் சங்கீதத்தையும் ஒழுங்காகக் கற்காத மனிதர், தன் குறட்டையைத் தானே குருவாக வைத்து மூச்சுப் பிடிக்கப் பழகினார்.

ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டுப் பாயை விரித்தார். கண்ணை மூடினார். கொர்ர்ர்ர், ஃபுய்ய்.

ஆவுடையம்மாள் வந்தாள். செம்பைக் கீழே வைத்தாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். அப்புறம், "விசில் கொஞ்சம் முன்னாலயே வந்துட்டு," என்றாள்.

அவர் விடாமல் குறட்டை விட்டார். அவள் காலை நீட்டி உட்கார்ந்து பேசத் தொடங்கினாள். அப்படியே தினமும் நடந்தது. தங்கை மகளுக்குப் பிள்ளை பிறந்ததை, இடது முழங்கால் குடைகிறதை, கல்யாணமான நாளிலிருந்து அவருக்காகச் சமைக்கிற கத்திரிக்காய் தனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்பதை, எல்லாவற்றையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சாயங்காலம் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வந்தார். கத்திரிக்காய் வாங்கி வரவில்லை. எப்படித் தெரியும் என்று அவளும் கேட்கவில்லை.

ஒரு நாள், பேசிக்கொண்டே இருந்தவள் நிறுத்தினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் உங்ககிட்ட," என்றாள். "கோவப்படக் கூடாது."

கொர்ர்ர்ர்.

"அது வந்து, அந்தச் சத்தத்தையெல்லாம் வெயில்ல நின்னு பிடிச்சு, வெட்டி, ஒட்டி, தலைகீழா ஓட்டி, காடு கடந்து கடல் கடந்து அனுப்புதீங்களே. நானும் எத்தனையோ தரம் கேட்டுப் பாத்துட்டேன். சத்தியமாச் சொல்லுங்க. அது உங்களுக்காச்சும் பிடிச்சிருக்கா?"

குறட்டை பாதியில் நின்றது. தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். மூடின கண்ணுக்குள் டிரான்ஸ்ஃபார்மர்களும், குழாய்களும், வெட்டி ஒட்டின நாடாக்களும் வரிசையாக வந்து நின்றன. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இல்ல," என்றார், கண்ணைத் திறக்காமல். "ஒரு நாளும் பிடிச்சதில்ல."

சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மூச்சை எடுத்து, இழுத்து, விசிலைச் சரியான இடத்தில் வைத்தார்.

"அடப் பாவி மனுசா!" என்றாள் ஆவுடையம்மாள். "எனக்குத்தான் ஞானம் பத்தலைன்னு இத்தன வருசமா நெனச்சிட்டுல்லா இருந்தேன்!"

அவள் சிரித்த சிரிப்பில் செம்பு கவிழ்ந்து, தண்ணீர் பாய்க்கு அடியில் ஓடி, அவர் முதுகை நனைத்தது. அலமாரியின் மேல் டேப் ரிக்கார்டர் இருந்தது. பேட்டரியைக் கழற்றி டார்ச் லைட்டில் போட்டுப் பல நாளாயிற்று. காந்திமதிநாதன் நனைந்த முதுகோடு அசையாமல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.